மலையில் ஒரு விருந்து

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். பின்னர் அச்சொல் புதியராய் வந்தவரைக் குறித்தது. அதன் பின்னர் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. இக்காலத்தில் உணவே அதன் முதற்பொருள் போல வழங்கி வருகின்றது. எனினும், சோறும் கறியும் படைப்பது போலவே, ஒருவர் தாம் கண்ட உண்மையை மற்றொருவர்க்குப் படைத்து மகிழ்ந்த விருந்துகளும் உலகில் உண்டு. அத்தகைய விருந்தொன்று 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின்மீது நடைபெற்றது. விருந்தளித்தவர் வாள்பட்டறையில் கூலிக்கு மரம் அறுத்த ஒரு தொழிலாளி. விருந்தினராய் வந்தவர் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர். ஏறத்தாழ ஒரு வாரம் அவ்விருவரும் மலையும் காடும் ஏரியும் கண்டு உடன் நடந்தனர். அவ்வொரு வாரத்தில் அவர்கள் பேசியவை யாவை, அப்பேச்சினால் விளைந்தது யாது என்பவற்றை அறிவது மாணவர்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

அம்மலைத்தொடரின் நடுவே யோசெமிட்டி என்னும் பள்ளத்தாக்கு உளது. அதன் நீளம் ஏறத்தாழ 7 மைல். அகலமோ ஒரு மைலுக்கு மேற்படாது. இருபுறமும் கிரானைட்டுப் பாறைகள் 3,000 அடிக்கு மேல் செங்குத்தாய் எழுந்து, வானளாவிய மதில்களைப் போல நிற்கின்றன. எல் காப்பிடான் என்னும் பாறையின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு அதன் உச்சியில் நிற்கும் நெடுமரங்கள் புற்களாய்த் தோன்றும். குவிமாடம் ஒன்றை வாளால் இரண்டாக அரிந்து, ஒரு பாதியை மட்டும் நிறுத்தியது போன்ற மற்றொரு பாறையும் அங்கு உண்டு. அதனை அரைக் குவிமாடம் என்றே அந்நாட்டவர் அழைக்கின்றனர். வடசுவரினின்று 2,425 அடி இழியும் யோசெமிட்டி அருவி, வேனிற் காலத்தின் தொடக்கத்தில் இடி முழங்குவது போல ஒலிக்கும். பள்ளத்தாக்கின் தரையோ, மெர்சடு என்னும் ஆறு வளைந்து வளைந்து செல்ல, பசும்புல்வெளி பரந்து, மேசையைப் போலச் சமமாய்க் கிடக்கும். இத்தகைய இடத்தை முதன்முறை காண்பவர் எவரும், "இஃது எவ்வாறு உண்டாயிற்று?" என்று வினவாமல் இரார்.

அவ்வினாவை இரவும் பகலும் தம் நெஞ்சில் சுமந்து திரிந்தவரே அந்த வாள்பட்டறைத் தொழிலாளி. அவர் பெயர் ஜான் மியூர். அவர் 1838ஆம் ஆண்டு ஸ்காத்துலாந்தில் டன்பார் என்னும் கடற்கரையூரில் பிறந்தார். 1849இல் அவருடைய குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. விஸ்கான்சின் காட்டைத் திருத்திக் கழனியாக்கும் கடும்பணியில் அவருடைய இளமை கழிந்தது. பின்னர் அவர் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பயின்றார். ஆயினும் பட்டம் பெறவில்லை. பொறிகளைச் செய்வதில் அவர் கை மிகவும் தேர்ந்தது. 1867ஆம் ஆண்டு இண்டியானாபொலிசு நகரில் வண்டி செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்து கொண்டிருந்தபோது, அரத்தின் கூர்முனை தெறித்து அவருடைய வலக்கண்ணிற் பாய்ந்தது. பல நாள் இருட்டறையிற் கிடந்த அவர், பார்வை மீண்டதும், இனித் தம் கண்கள் இயற்கையைக் காண்பதற்கே உரியன என்று உறுதி பூண்டார். 1868இல் கலிபோர்னியாவை அடைந்தார். மறு ஆண்டுக் கோடையில் ஆட்டுமந்தையொன்றுடன் சியரா மலைமீது ஏறினார். பின்னர் யோசெமிட்டியிலேயே தங்கி, விடுதி நடத்திய ஹட்சிங்ஸ் என்பவருக்காக வாள்பட்டறை அமைத்து, காற்றில் வீழ்ந்து கிடந்த மரங்களை அறுத்துக் கொடுக்கும் வேலையை மேற்கொண்டார். வேலை இல்லாத வேளைகளில் எல்லாம் அவர் பாறை பாறையாய் ஏறி இறங்கி, கற்களைக் கூர்ந்து நோக்கினார்.

அக்காலத்தில் யோசெமிட்டியின் தோற்றத்தைப் பற்றிச் செல்வாக்குடன் விளங்கிய கருத்து வேறு. கலிபோர்னிய அரசின் நிலவியல் ஆய்வுத் தலைவராய் 1860 முதல் 1874 வரை இருந்தவர் ஜோசையா விட்னி என்பவர். ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் அவர் விளங்கினார். நிலம் குலுங்கி, பள்ளத்தாக்கின் அடித்தளமே திடீரெனக் கீழே அமிழ்ந்து போனமையால் இம்மதில்கள் உண்டாயின என்பது அவர் துணிபு. மியூரோ, "அமிழ்ந்தது அன்று, அகழப்பட்டது. அகழ்ந்த கருவி பனியாறு" என்னும் முடிவுக்கு வந்தார். ஆட்சியும் பட்டமும் உடைய ஒருவரின் கருத்துக்கு எதிராக, மரத்தூள் படிந்த உடையுடன் நிற்கும் ஒருவர் சொல்வதை யார் செவிமடுப்பர்? ஆடு மேய்த்தவன் அறிந்தது என்ன என்று விட்னி அவரை இகழ்ந்தார் என்பர்.

இந்நிலையில்தான் ஜோசப் லெகான்ட் என்னும் பேராசிரியர் யோசெமிட்டிக்கு வந்தார். அவர் ஜார்ஜியா மாநிலத்தில் 1823ஆம் ஆண்டு பிறந்தவர். முதலில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றவர். பின்னர் இயற்கை நூலில் வேட்கை மிகுந்து, ஆர்வர்டில் லூயி அகாசி என்னும் பேரறிஞரிடம் மாணவராய் அமர்ந்தார். ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது என்பதை 1837ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் துணிந்து உரைத்தவர் அந்த அகாசியே ஆவார். 1868இல் நிறுவப்பட்ட கலிபோர்னியப் பல்கலைக்கழகம் மறு ஆண்டில் லெகான்டைப் பேராசிரியராய் அழைத்துக்கொண்டது. 1870ஆம் ஆண்டு விடுமுறையில் அவருடைய மாணவர் சிலர், மலைச் செலவுக்குத் தம்முடன் வருமாறு அவரை வேண்டினர். நாற்பத்தேழு வயதான ஆசிரியரும் இளைஞருக்கு இளைஞராய்க் குதிரை ஏறிப் புறப்பட்டார்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு நாள், யோசெமிட்டி அருவியைக் காணச் சென்ற அவர்கள், வழி கேட்பதற்காக அருகிலிருந்த வாள்பட்டறையின்முன் சற்றே நின்றனர். உள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தார். உடை முரட்டுத் தொழிலாளியின் உடை; ஆனால் முகத்தில் அறிவின் ஒளியும் கண்ணில் தெளிவும் விளங்கின. சிறிது நேரம் பேசிய பின்னரே, அவர்தாம் மியூர் என்பதைப் பேராசிரியர் அறிந்தார். தம் உடன்பணியாளர் ஒருவரின் மனைவியாராகிய ஜீன் கார் அம்மையார் வாயிலாக அப்பெயரை அவர் முன்பே பலமுறை கேட்டிருந்தார். இத்துணை அறிவுடைய ஒருவர் பிறர்க்காக மரம் அறுத்துக் கொண்டிருக்கின்றாரே என்று வியந்து, அவ்வியப்பைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மலையின் மறுபுறத்தே உள்ள மோனோ ஏரி வரையில் தங்களுடன் வந்து வழிகாட்ட இயலுமா என்று கேட்டார். மியூரும் இசைந்தார்.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். மியூருக்கு அங்கு மாளிகை இல்லை; பணியாள் இல்லை; விருந்தினரை அமர்த்துவதற்குத் தக்க இருக்கையும் இல்லை. மலையே அவருக்கு மனை, பாறையே இருக்கை. எனினும், ஓர் இல்லத்தின் தலைவர் தம் மனையின் ஒவ்வோர் அறையையும் எவ்வாறு அறிவாரோ, அவ்வாறே அவர் அம்மலையின் ஒவ்வொரு முடுக்கையும் அறிந்திருந்தார். அறிவுடைய விருந்தினர் வேண்டுவதும் அதுவே அன்றோ?

ஆகஸ்டு எட்டாம் நாள் குழுவினர் பள்ளத்தாக்கின் வடபுறம் ஏறி உயர்மலைக் காட்டினுள் நுழைந்தனர். பகலில் குதிரைமேற் சென்று, இரவில் தீ மூட்டிச் சமைத்துத் திறந்தவெளியில் உறங்கினர். வழிநெடுக மியூர் செய்த உபசாரம் ஒன்றே: பாறையைச் சுட்டிக் காட்டுதல். அவர் காட்டியவற்றை விளங்கிக்கொள்வதற்குப் பனியாறு என்பது யாது என்பதைச் சிறிது அறிதல் நலம்.

உயர்ந்த மலைகளில் ஓர் ஆண்டில் பெய்யும் பனி முழுவதும் உருகுவதற்கு முன்னரே மறு ஆண்டின் பனி அதன்மீது பெய்யும். இவ்வாறு பல ஆண்டுகள் அடுக்கடுக்காய்ப் படியும் பனி, தன் சுமையாலேயே இறுகித் திண்ணிய பனிக்கட்டியாகும். அது நூற்றுக்கணக்கான அடி தடித்தபின், கண்ணுக்குப் புலனாகாத வேகத்தில், சரிவு நோக்கி மெல்ல மெல்ல நகரத் தொடங்கும். அதுவே பனியாறு. அதன் அடியில் சிக்கிய கற்கள், தச்சரின் கையிலுள்ள அரத்தைப் போல, கீழே உள்ள பாறையைக் கீறிக்கொண்டே செல்லும். அக்கற்கள் அரைபட்டு உண்டாகும் நுண்ணிய துகளோ, உப்புத்தாள் மரத்தை இழைப்பது போலப் பாறையை வழவழப்பாக்கும். பனி உருகி மறைந்த பின்னரும், பாறைமீது மெருகும் அம்மெருகின்மீது நேர்கோடாய்ச் செல்லும் கீறல்களும் எஞ்சியிருக்கும். கீறல்கள் செல்லும் திசையே பனியாறு சென்ற திசை. எங்கோ தொலைவில் உள்ள மலையிலிருந்து சுமந்து வந்த பெரும்பாறைகளைப் பனியாறு போகிற வழியில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். தன் இருமருங்கிலும் முனையிலும் கல்லும் மண்ணும் ஒதுக்கி, வயல் வரப்பைப் போன்ற நெடுங்கரைகளையும் அமைத்துச் செல்லும்.

இவையெல்லாம் லெகான்டுக்குப் புதியன அல்ல. ஆசிரியர் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் அவர் அறிந்தவையே. ஆனால் சியரா மலையில் எந்தப் பாறையில் மெருகு உள்ளது, எந்தச் சரிவில் கீறல் உள்ளது, எந்தக் காட்டில் அயலிடத்துப் பாறை கிடக்கின்றது என்பன மியூருக்கே தெரியும். ஒருவரிடம் நூலறிவு நிறைந்திருந்தது. மற்றவரிடம் கண்ணறிவு நிறைந்திருந்தது. இரண்டும் ஒரே வழியில் குதிரையோடு குதிரை நெருங்கிச் சென்றபோது, கல் பேசத் தொடங்கியது.

ஒன்பதாம் நாள் அவர்கள் தெனாயா ஏரியை அடைந்தனர். கடல் மட்டத்திற்கு மேல் 8,150 அடி உயரத்தில், மொட்டைப் பாறைகள் சூழ, பளிங்கு போன்ற நீருடன் அவ்வேரி கிடக்கின்றது. சூழ்ந்துள்ள பாறைகள் பனியாற்றால் மெருகிடப்பட்டு, வெயிலில் கண்கூசும்படி ஒளிர்கின்றன. அன்றிரவு உணவு முடிந்தபின், லெகான்டும் மியூரும் ஏரிக்குள் நீண்டிருந்த பாறையொன்றின்மீது சென்று அமர்ந்தனர். நிலவு பொழிந்தது, நீர் அசையாது கிடந்தது. பகலெல்லாம் வாதம் புரிந்த இருவரும் அப்போது பேசாது அமர்ந்து அந்த அமைதியை நுகர்ந்தனர். அவ்விரவின் அழகைப் பேராசிரியர் தம் நாட்குறிப்பில் நெஞ்சுருகிப் பதித்துள்ளார். விருந்தினர்க்கு வேண்டும்போது பேச்சையும், வேண்டும்போது மௌனத்தையும் அளிக்க அறிந்தவரே நல்ல விருந்தோம்புநர் ஆவார்.

அவ்வேரியின் பெயரில் ஒரு வரலாறு மறைந்து கிடக்கின்றது. யோசெமிட்டியில் அவ்வானிச்சி என்னும் பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர். அவர்களுடைய தலைவர் பெயர் தெனாயா. 1851ஆம் ஆண்டு வெள்ளையர் படையொன்று அவர்களைத் துரத்திச் சென்று, இந்த ஏரிக்கரையிலேயே வளைத்துப் பிடித்தது. ஏரிக்கு உம் பெயரையே இடுகின்றோம் என்று படையினர் தலைவரிடம் கூறியபோது, அதற்கு முன்பே ஒரு பெயர் உண்டு என்று அம்முதியவர் விடையிறுத்தார். அப்பெயர் பைவியாக்கு, ஒளிரும் பாறைகளின் இடம் என்பது அதன் பொருள். பனியாறு என்னும் கொள்கை அம்மலைக்கு வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, அம்மக்களின் கண் அந்த மெருகைக் கண்டிருந்தது. அவர்களின் நாவு அதற்குப் பெயரும் இட்டிருந்தது. நிலத்தை முதலிற் படித்தவர் அந்நிலத்தில் வாழ்ந்தவரே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தெனாயாவினின்று அவர்கள் டூலமி என்னும் பரந்த மலைப்புல்வெளிக்குச் சென்றனர். ஒரு காலத்தில் அவ்வெளி முழுவதும் பனிக்கடலாய் இருந்தது. புல்வெளியினின்று தலைதூக்கும் பாறைக்குன்றுகள் ஒருபுறம் வழவழப்பாய்ச் சரிந்தும், மறுபுறம் பிடுங்கி எறியப்பட்டது போல முரடாய் நின்றும், பனியாறு எப்பக்கம் ஏறி எப்பக்கம் இறங்கியது என்பதை இன்றும் அறிவிக்கின்றன. அடுத்து 13,061 அடி உயரமுள்ள டானா மலைமீது ஏறினர். அதன் முடியினின்று நோக்கினால், மேற்கே பனியால் செதுக்கப்பட்ட சிகரங்களும் கிழக்கே பாலைநிலமும், அப்பாலையின் நடுவே மோனோ ஏரியும் தோன்றும். ஒரே இடத்தில் நின்று இரண்டு உலகங்களைக் காணும் பேறு அது.

பின்னர்க் குருதிக் கணவாய் எனப் பொருள்படும் பெயருடைய செங்குத்தான மலைவழியே கீழிறங்கினர். கூரிய கற்கள் கீறிக் குதிரைகளின் கால்களில் குருதி வழிந்தமையால் அவ்வழிக்கு அப்பெயர் வந்தது. அக்கணவாயின் வாயில், பனியாறு ஒதுக்கிய கற்கரைகள் இரண்டு, ஏரிப்பக்கமாகக் கைநீட்டியது போல நெடுந்தொலைவு நீண்டு கிடக்கின்றன. அவற்றைக் கண்டவர்க்கு, ஒரு காலத்தில் இம்மலையிலிருந்து பனி சமவெளி வரை இறங்கியது என்பதில் ஐயமே எழாது. இறுதியில், வெளிச்செல்லும் வழியற்று உவர்ப்பேறிய மோனோ ஏரியையும், அதன் தெற்கே வரிசையாய் நிற்கும் எரிமலை வாய்களையும் கண்டனர். பனியின் வேலையைக் கண்ட கண்களுக்கு நெருப்பின் வேலையும் காட்சியாயிற்று.

மியூர் அங்கேயே சில நாள் தங்கி ஆராய விரும்பினார். ஆகவே குழுவினர் அவரிடம் விடைபெற்றனர். புதிய செய்தி ஏதேனும் கண்டால் தமக்கு எழுதி அறிவிப்பதாக அவர் உறுதி கூறினார் என்றும், அவரைப் பிரிவது தமக்கு வருத்தம் தந்தது என்றும் லெகான்ட் எழுதியுள்ளார். முன்பின் அறியாத இருவர் ஒரு வாரத்தில் வாழ்நாள் நண்பராயினர்.

அவ்விருவரும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினராய்ப் பிரிந்தனர் என்று கருதிவிடுதல் கூடாது. யோசெமிட்டி முழுவதும் பனியாலும் நீராலுமே அகழப்பட்டது என்பது மியூரின் துணிபு. பனியாறு அங்கு ஓடியது என்பதை லெகான்ட் ஐயமின்றி ஒப்புக்கொண்டார். ஆனால், செங்குத்தான சுவர்கள் உண்டானமைக்குக் கிரானைட்டுப் பாறையின் இயல்பு முதலிய வேறு காரணங்களும் துணைநின்றிருத்தல் வேண்டும் என்று கருதினார். கருத்து வேறுபட்டபோதும் அவர் ஒன்றைச் செய்யத் தவறவில்லை. அக்கொள்கை மியூருடையது என்பதை அவர் பெயரிட்டே எழுதினார். 1875ஆம் ஆண்டு அச்சான அவருடைய நாட்குறிப்பில் இன்றும் அதனைக் காணலாம். கேட்ட கருத்தைத் தம்முடையதாக்கிக் கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஒரு கூலியாளின் சொல்லுக்கு அன்று சான்று கூற யார் இருந்தனர்? விருந்துண்ட வீட்டின் பெயரை மறவாமை விருந்தினர்க்குரிய முதற்கடமை. அக்கடமையை அவர் செவ்வனே நிறைவேற்றினார்.

மியூரும் வாய்ப்பேச்சோடு அமைந்துவிடவில்லை. 1871ஆம் ஆண்டு அக்டோபரில் மெர்சடு மலைகளின் இடையே இன்னும் உயிருடன் நகரும் பனியாறு ஒன்றைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் யோசெமிட்டிப் பனியாறுகளைப் பற்றிய அவருடைய முதற்கட்டுரை நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. மறு ஆண்டு மக்லூர் என்னும் பனியாற்றின்மீது நேர்வரிசையில் முளைகளை நட்டு வைத்தார். நாற்பத்தாறு நாள் கழித்துச் சென்று அளந்தபோது, நடுவில் நின்ற முளை 47 அங்குலம் நகர்ந்திருந்தது. ஒரு நாளைக்கு ஓர் அங்குலம்! அந்த ஓர் அங்குலம், இகழ்ந்தவர்க்கு அவர் அளித்த விடை.

பிற்கால ஆராய்ச்சி யார் பக்கம் நின்றது? பிரான்சுவா மாத்தே என்னும் நிலவியலார் பல்லாண்டு ஆராய்ந்து 1930ஆம் ஆண்டு விரிவான நூலொன்றை வெளியிட்டார். மலைத்தொடர் உயர உயர, மெர்சடு ஆறு முதலில் ஆழமாக அரித்தது. பின்னர்ப் பனியாறுகள் மீண்டும் மீண்டும் வந்து அப்பள்ளத்தை அகலமாக்கி ஆழமாக்கின. பாறையில் இயல்பாய் அமைந்திருந்த பிளவுகள் சுவர்களுக்கு வடிவம் தந்தன. இதுவே இன்று அறிஞர் கொள்ளும் விளக்கம். கடைசியாக வந்த பனியாறு பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பவில்லை. இன்று காணும் சமதரைக்குக் கீழே, சில இடங்களில் 2,000 அடி வரை வண்டலும் மணலும் நிறைந்துள்ளன என்பதும் பின்னர்த் தெரிய வந்தது. விட்னியின் கருத்து வீழ்ந்தது. மியூரின் கருத்து, சிறிது மிகைப்பட்டதாயினும், நிலைபெற்றது. லெகான்ட் தயங்கிய இடத்திலும் உண்மை இருந்தது. உறுதியாய்க் காட்டியவரும் வேண்டும். அளவோடு ஒப்பியவரும் வேண்டும். அறிவு இவ்விருவரிடையேதான் வளர்கின்றது.

இத்தகையோரிடத்தும் குறை இல்லாமல் இல்லை. அடிமைகளை உடைய குடும்பத்தில் பிறந்த லெகான்ட், கறுப்பின மக்கள் வெள்ளையரினும் தாழ்ந்தோர் என்னும் கொள்கையைத் தம் எழுத்துகளில் ஆதரித்தார். மியூரும் தம் இளமை எழுத்துகளில் பழங்குடியினரை மதிப்பின்றிக் குறித்த இடங்கள் உண்டு. தொழிலாளியின் சொல்லைக் கேட்ட செவி, வேறு மக்களின் சொல்லைக் கேட்கவில்லை. பாறையின் கீறலைப் படித்த கண், அந்நிலத்தினின்று துரத்தப்பட்டோரின் துன்பத்தை உள்ளவாறு படிக்கவில்லை. பெரியோரின் சிறப்பைப் போற்றும்போது அவர்தம் குறையை மறைத்தல் வேண்டா. சிறப்பினின்று செய்யத்தக்கதையும், குறையினின்று தவிர்க்கத்தக்கதையும் கற்றுக்கொள்ளலாம்.

1890ஆம் ஆண்டு யோசெமிட்டியைச் சூழ்ந்த மலைப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1892இல் மலைகளைக் காக்கும் பொருட்டுச் சியரா கழகம் தோன்றியது. மியூர் அதன் முதல் தலைவராகி, 1914ஆம் ஆண்டு தாம் மறையும் வரையில் அப்பொறுப்பில் இருந்தார். லெகான்டும் அக்கழகத்தில் தொடக்கத்திலேயே சேர்ந்தவர். 1901ஆம் ஆண்டு கோடையில் அக்கழகம் தன் முதற்பெரும் மலைச்செலவுக்கு ஏற்பாடு செய்தது. எழுபத்தெட்டு வயது நிரம்பிய லெகான்ட் அதற்காக மீண்டும் யோசெமிட்டிக்கு வந்தார். செலவு தொடங்குவதற்கு முன்னரே, ஜூலை ஆறாம் நாள், அப்பள்ளத்தாக்கிலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாகக் கழகத்தினர் 1903இல் அங்கு ஒரு கற்கட்டடம் எழுப்பி அவர் பெயரை இட்டனர். அவருடைய இனவேறுபாட்டுக் கொள்கையைக் கருதி 2016ஆம் ஆண்டு அப்பெயர் மாற்றப்பட்டது. கட்டடம் இருக்கின்றது, பெயர் இல்லை. புகழும் காலத்தின் உரைகல்லில் மீண்டும் மீண்டும் உரைக்கப்படும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மியூர் 1871இல் கண்ட பனியாறு, நூறாண்டு கடந்தபின், 1977ஆம் ஆண்டளவில் உருகி மறைந்து போயிற்று. மக்லூரின் அருகே உள்ள லயல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013ஆம் ஆண்டு பூங்காத் துறையினர் அறிவித்தனர். புவி வெப்பமுறுதலே அதற்குக் காரணம். மியூர் தம் விருந்தினர்க்குக் காட்டிய பாறை மெருகு மட்டும், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் பனி நீங்கிய நாள் தொட்டு இன்று வரை, தெனாயாவின் கரையில் வெயிலை வாங்கி ஒளி வீசுகின்றது. அதனைப் படிப்பதற்குப் பட்டமும் பதவியும் முன்தேவை அல்ல. குனிந்து தொட்டுப் பார்க்கும் விரல் வேண்டும்; காட்டுபவர் எவராயினும் அவர் சொல்லைக் கேட்கும் பணிவு வேண்டும்; கேட்டதை அவர் பெயராலேயே பிறர்க்குச் சொல்லும் நேர்மை வேண்டும். இம்மூன்றும் உடைய மாணவர்க்கு, ஊர்ப்புறத்துப் பாறையும் ஏரிக்கரையும்கூடத் தம் வரலாற்றைச் சொல்லாமல் இரா.